ஆடுபானின் பூநாரை: பரவும் குறிப்பும் உண்மையும்

கழுத்தை வளைத்துத் தண்ணீரை நோக்கிக் குனிந்திருக்கும் பூநாரைப் படம் ஒன்று பரவி வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான் அமெரிக்கக் காடுகளில் உட்கார்ந்து, எந்தப் பறவைக்கும் தீங்கு செய்யாமல், உயிரோடு பார்த்து வரைந்த நீர்வண்ணம் என்கிறது அதனுடன் வரும் குறிப்பு. இது தவறு.

ஆடுபான் பெரும்பாலும் பறவைகளைச் சுட்டு வீழ்த்தித்தான் வரைந்தார். உடல் விறைப்பதற்குள் கட்டம் போட்ட பலகையில் கம்பிகளால் குத்தி நிறுத்துவார். தாளிலும் அதே கட்டங்கள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, பறவையின் இயல்பான அளவிலேயே வரைவார். 1833இல் பாஸ்டனில் உயிரோடு வாங்கிய பொன்னிறக் கழுகைக் கரிப்புகையில் மூச்சடைத்துக் கொல்ல முயன்றார். அது சாகவில்லை. கடைசியில் கூரிய இரும்பை அதன் நெஞ்சில் பாய்ச்சினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். படிக்கும்போது மனம் கனத்துவிடுகிறது.

அதற்காக அவர் காட்டையே அறியாதவர் என்று சொல்லிவிட முடியாது. பல ஆண்டுகள் அலைந்து, பறவைகள் இரை தேடுவதையும் சண்டையிடுவதையும் கவனித்தவர். அந்தக் கவனிப்புதான் கம்பியில் நின்ற உடலுக்கு உயிரோட்டம் தந்தது. ஆடுபானின் வேறு பல ஓவியங்களில் பின்னணிச் செடிகளை வரைந்தவர் ஜோசப் மேசன் என்ற இளம் உதவியாளர். அந்த ஓவியங்களைப் பகிர்பவர்கள் அவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

பூநாரை குனிந்து நிற்பதற்குத் தாளும் ஒரு காரணம். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத் தாளில், நிமிர்ந்த பூநாரை முழு அளவில் அடங்காது.

பரவும் படமும் நீர்வண்ண மூலம் அன்று. லண்டனில் ராபர்ட் ஹாவெல் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட, கையால் வண்ணம் தீட்டப்பட்ட பிரதி. ஆடுபானின் மூல ஓவியங்களை அவருடைய மனைவி லூசியிடமிருந்து 1863இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் வாங்கியது.