பூங்கா வரைபடத்தில் மட்டும் இருந்தால் போதுமா?

மனை விற்கும்போது பச்சை கலர் அடித்துக் காட்டிய பூங்கா எங்கே என்று கேட்டால் எங்கள் ஏரியாவில் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. போன மாதம் அந்த இடத்தில் ஜேசிபி இறங்கி, நாங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்த புங்க மரங்களை வேரோடு சாய்த்துவிட்டது. கேட்டால், "பட்டா எங்க பேர்ல இருக்கு" என்கிறார்கள் ஜேசிபியை இறக்கினவர்கள்.

அவர்கள் பேரில் எப்படி இருக்கும்? தமிழ்நாட்டு விதிப்படி 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக மிச்ச இடத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் (Open Space Reservation, திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்பது இதுதான். எழுதியும் கொடுக்கிறார்கள், ஆனால் வாங்கின உள்ளாட்சி பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றுவதில்லை, வேலி போடுவதில்லை, ஒரு போர்டு கூட வைப்பதில்லை, அப்புறம் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும் பட்டாவைக் காட்டி அதே இடத்தை இன்னொரு முறை விற்றுவிடுகிறார்கள்.

10,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட இடமென்றால் இன்னொரு வழி வேறு. நிலம் ஒதுக்க முடியாது என்று சொல்லி, அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிடலாம். வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் எவ்வளவு தூரம் என்பது மனை வாங்கின எல்லோருக்கும் தெரியும். சரி, பணம் கட்டினார்கள், அதை வைத்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எங்கே இடம் வாங்கித் தந்தீர்கள்? பணத்தில் மரம் முளைக்குமா, மழைத்தண்ணீர் இறங்குமா?

தப்பித் தவறி மிஞ்சுகிற இடத்திலும் தண்ணீர்த் தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர், வார்டு அலுவலகம், குப்பை பிரிக்கும் ஷெட் என்று வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எல்லாமே தேவைதான், அதற்குப் பூங்கா இடம்தான் கிடைத்ததா?

சட்டம் இல்லாமலா போய்விட்டது? பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959-லேயே இங்கே தனிச்சட்டம் போட்டாயிற்று. பெங்களூருவில் பூங்காவுக்கென்று ஒதுக்கின இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவு இருந்தும் ஒவ்வொரு தெருக்காரனும் கைக்காசைப் போட்டு வக்கீல் வைத்துத்தான் தன் பூங்காவை மீட்க வேண்டுமா?

தானப்பத்திரம் பதிவான கையோடு பட்டாவை மாற்றுங்கள். நாலு பக்கமும் வேலி போட்டு, சர்வே எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். அது முடியும் வரை அந்த மனைப்பிரிவில் ஒரு வீட்டுக்குக் கூடக் கட்டட அனுமதி கொடுக்காதீர்கள்.