விரும்பித்தானே போனே?

அந்த ஆடியோவைப் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்கள் தேடி வாங்க வேண்டாம். மொத்தம் 47 நொடி. எனக்கு நான்கு நாள் தூக்கம் போனது. பதினொரு வருடமாக வெளிநாட்டில் இருக்கிற நான், அப்பாவின் அறையை இடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, ஊரில் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்ட பதில் அது. வெளியே எப்படிப் போனது என்பது தனிக்கதை. கடைசி வரி போதும்: "விரும்பித்தானே போனே, இப்ப எதுக்குப் புலம்புறே?"

சரி, விரும்பித்தான் போனேன். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆனால் விரும்பிப் போனவனுக்கு வலிக்கக் கூடாது என்று எந்த விசா படிவத்தில் இருக்கிறது? கையெழுத்துப் போட்ட காகிதங்கள் அத்தனையையும் வரி விடாமல் படித்த ஆள் நான் (ரொம்பப் பேர் படிப்பதில்லை). அப்படி ஒரு நிபந்தனை என் கண்ணில் படவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் என்று அடுத்த ஆடியோ வரும். சம்பளம் அதிகம். அதை மறைத்துப் பேசுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. வேலை நேரம் முடிந்தபின் மேலதிகாரி என்னை அழைத்ததில்லை. நான் யார் வீட்டுப் பிள்ளை என்று பதினொரு வருடமாக ஒருவரும் விசாரித்ததில்லை. அதில் ஒரு சுகம் இருக்கிறது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மகள் மூன்று மொழி பேசுகிறாள், மூன்றிலும் என்னைத் திருத்துகிறாள். போதுமா?

இனி மறுபக்கத்துக்கு வருவோம். என்னைப் போல வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களை எக்ஸ்பாட் என்பார்கள், அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. எக்ஸ் என்றால் வெளியே, பாட்ரியா என்றால் தந்தையர் நாடு. கேட்க மிடுக்காக இருக்கும். அதே வேலைக்கு வேறு நாட்டிலிருந்து வேறு நிறத்தில் ஒருவன் வந்தால் அவனைக் குடியேறி என்பார்கள். நான் எது என்பது நான் நிற்கும் வரிசையைப் பொறுத்தது. விமான நிலையத்தில் எது என்று உங்களுக்கே தெரியும்.

எங்களில் பலருடைய விசா வேலையோடு முடிச்சுப் போட்டது. அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். நான் இருக்கும் நாட்டில் நாள் கணக்கு வேறு, வயிற்றைப் பிசைவது ஒன்றுதான். வேலை போனால் வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் பின்னாலேயே போகும். இது மேலதிகாரிக்கும் தெரியும் என்பதுதான் விஷயமே. சம்பள உயர்வு கேட்கப் போனபோது அவர் சிரித்தபடி விசா புதுப்பிப்பைப் பற்றி விசாரித்தார். அவ்வளவுதான் பேச்சு.

அந்தப் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். என் பாஸ்போர்ட் விசா அலுவலகத்தில் இருந்தது. முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும் என்றார்கள். அக்கா போனில், "இப்ப பரவாயில்லை, அவசரப்படாதே" என்றாள். நானும் அவசரப்படவில்லை. ஆறாவது நாள் விடிகாலை மூன்று மணிக்குப் போன் அடித்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், அந்த நேரத்தில் வரும் போனை எடுக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். விண்ணப்பம் போனால் போகட்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு இடத்தில் விமானம் மாறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீடு கூட்டிக் கழுவியிருந்தது.

விரும்பித்தானே போனே? ஆமாம், விரும்பித்தான் போனேன்.

"அகதிகளைப் பார், கட்டடத் தொழிலாளிகளைப் பார், உனக்கென்ன?" என்று ஒருவர் வருவார். ஐ.நா. கணக்குப்படி 2024இல் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறவர்கள் சுமார் 30.4 கோடிப் பேர். அதில் கொடுத்துவைத்தவர்கள் பக்கம் நான் இருக்கிறேன், ஒத்துக்கொள்கிறேன். என்னைவிட நொந்தவர் இருக்கிறார் என்பதற்காக என் அப்பா கொஞ்சமாகவா செத்தார்?

"பிடிக்கவில்லையென்றால் திரும்பி வா" என்பது அடுத்தது. என்னவோ பஸ்ஸில் ஏறி வந்துவிடலாம் என்கிற மாதிரி. ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணம் இங்கே. மகளின் பரீட்சை இங்கே. எந்த நாட்டுக்கு வரி என்று பார்க்க, வருடத்தில் 183 நாள் எங்கே இருந்தாய் என்று வரிக்காரர்கள் எண்ணுவார்கள், பல நாடுகளில் அந்தக் கணக்குத்தான். வந்தால் மட்டும் என்ன? 1960இல் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர் பண்பாட்டு அதிர்ச்சி பற்றி எழுதினார்: அந்நிய நாட்டில் முதலில் தேனிலவு, பிறகு எரிச்சல், பிறகு மெல்லப் பழகும் என்று. எனக்கும் அப்படியே நடந்தது. ஆனால் சொந்த வீட்டில் துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே, அது எந்தக் கட்டம்? போன தடவை விருந்தாளிக்குப் போடும் அறையில்தான் எனக்குப் படுக்கை போட்டார்கள். அன்பாகத்தான் போட்டார்கள். அதுதான் கஷ்டம்.

"அக்காதானே எல்லாம் பார்த்தாள்?" உண்மை. மருந்து, டாக்டர், இரவு முழுக்க விழிப்பு எல்லாம் அவள். நான் பணம் அனுப்பினேன், வீடியோ காலில் தலையாட்டினேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஆடியோ போட்டது அக்கா இல்லையே! அம்மாவின் ஒரு மருந்தின் பெயர்கூடத் தெரியாத, பத்து நிமிட தூரத்தில் இருந்துகொண்டு மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிற ஆள். பக்கத்தில் இருப்பதே பாசம் என்றால் மின்கம்பத்துக்குத்தான் எங்கள் வீட்டின் மேல் பாசம் அதிகம்.

நான் என்ன கேட்டுவிட்டேன்? அப்பாவின் அறையை இடிக்காதே என்றேனா? இடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றேன். சுவர் போனபின் போட்டோ வந்தது. அதற்குக் கீழே பதினாலு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். அதில் என் மனைவியும் ஒருத்தி, பாவம், கவனிக்காமல் போட்டுவிட்டாள். அதற்கு இங்கே இரண்டு நாள் சண்டை, அது வேறு.

பங்கு கேட்கிறேன் என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பங்கு வேண்டாம், எழுதியே தருகிறேன். அந்த அறை ஜன்னலோரம் அப்பாவின் மேசை விளக்கு ஒன்று இருந்தது, பச்சை மூடி போட்டது. அது எங்கே போனது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை. கூரியர் செலவு என்னுடையது.