தண்ணீர் வற்றுகிற குளமும் குளந்தான்

மாசி பாதி கடந்துவிட்டது. எங்கள் நெல்லைப் பக்கம் பிசான நெல் அறுவடை தொடங்கிவிட்டதால் குளங்களில் மடையை அடைத்துவிட்டார்கள். மிச்சத் தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கிக்கொண்டிருக்கிறது. "இனி அங்கே என்ன இருக்கிறது, வெறும் சேறு" என்கிறார்கள். நான் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதே இப்போதுதான்.

கார்த்திகையில் நிரம்பி வழிந்து மறுகால் பாயும் குளம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆழத்தில் முக்குளிப்பானும் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழியும் நீந்தலாம், நடந்து மேய்கிற பறவைக்கு அங்கே இடமில்லை. நீர் இறங்க இறங்கத்தான் கரையோரம் வளையமாகச் சேறு வெளிவருகிறது. புழுவும் பூச்சியும் நத்தையும் கைக்கெட்டுகின்றன, இல்லை, அலகுக்கெட்டுகின்றன. சிட்டுக்குருவி அளவே இருக்கும் கொசு உள்ளானுக்கு ஈரச் சேறு போதும். பொறி உள்ளானுக்கு நான்கு விரல் தண்ணீர். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் ஆழத்திலும் பாவாடை நனையாமல் நடக்கும். அதற்கும் அப்பால் ஊசிவால் வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து, வாலை மட்டும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேயும். சரிவான கரை இருந்தால்தான் இத்தனை பேருக்கும் ஒரே குளத்தில் இலை போட முடியும்.

இதைத்தான் 'அழகுபடுத்துகிறேன்' என்று அழிக்கிறார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு எனக்குத் தெரிந்த ஒரு குளத்தில் கரையைச் செங்குத்தாக வெட்டிக் கான்கிரீட் பூசினார்கள். உள்ளே நின்ற நாட்டுக் கருவேல மரங்கள் போயின. நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, செல்ஃபி எடுக்க ஓர் இடமும் வந்தது. ஆகாயத்தாமரை என்கிற அமலைச் செடியை அள்ளினார்கள், சாக்கடை வாய்க்காலையும் திருப்பிவிட்டார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கரையோரச் சேறு போனதோடு உள்ளான்களும் போய்விட்டன. இப்போது அங்கே மாலையில் மனிதர்கள் வேகமாக நடக்கிறார்கள்.

பறவை பார்க்க வேண்டும் என்றாலே வெளியூர் நண்பர்கள் எங்கள் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம்தான் கேட்பார்கள். தாராளமாகப் போங்கள். 1994-இல் சரணாலயமானது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் பிறகு சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை அங்கே பார்க்கலாம். தெருவோர மரத்தில் நாரை கூடு கட்டினாலும் முகம் சுளிக்காத ஊர் அது. ஆனால் அங்கே தங்கும் பறவைகள் சரணாலய எல்லைக் கல்லுக்குள்ளேயே சாப்பிட்டு முடிப்பதில்லை. சுற்றியுள்ள பெயர் தெரியாத குளங்களிலும் வயல்களிலும் மேய்ந்துதான் வயிறு நிறைக்கின்றன. அந்தக் குளங்களுக்குப் பலகையும் கிடையாது, காவலும் கிடையாது.

மாசியில் பார்ப்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நீலச்சிறகி என்று ஒரு சின்ன வாத்து; ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருவது. ஐப்பசியில் வந்து இறங்கும்போது ஆணும் பெண்ணும் ஒரே மண் நிறம், பிரித்துச் சொல்வது பெரும்பாடு. ஊர் திரும்பும் நாள் நெருங்கும்போதுதான் ஆணுக்குப் புதுச் சிறகு முளைத்து, கண்ணுக்கு மேலே பட்டையாக ஒரு வெள்ளைப் புருவம் வருகிறது. கல்யாணக் களை என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி முடிவதற்குள் பெரும்பாலானவை கிளம்பிவிடும்.

நான் வழக்கமாகப் போகும் குளத்தில் மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கும் அண்ணாச்சிக்கும் எனக்கும் ஆகாது. நீர்க்காகங்களை விரட்ட அவர் வெடி போடுவார். போட்ட பணம் மீனாக நீந்தும்போது அவர் கோபத்தில் நியாயமில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒரு வெடிக்கு மொத்தக் குளமும் எழும்பிவிடுகிறது. போன வாரம் சண்டைக்கு நடுவில் பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "என்ன தம்பி, நெற்றியில் திருநீறு பூசியிருக்கிறது?" என்றார். நாமக்கோழி இருக்கிற குளத்தில் திருநீறும் இருக்கட்டுமே அண்ணாச்சி என்றேன். சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தார். பதினொன்று.

வெடியை நிறுத்திவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. நேற்றுக் காலை அவரிடமிருந்தே போன் வந்தது.

"தம்பி, திருநீறு வாத்து இன்றைக்கு ஏழுதான் நிற்கிறது."