ஓபிடி கருவியைச் செருகினால் குதிரைத்திறன் அதிகரிக்காது

“ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் இந்தச் சிறு கருவியைச் செருகினால் காரின் குதிரைத்திறன் 35 சதவீதம் கூடும்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தவறு. ஓபிடி சாக்கெட் என்பது காரின் கோளாறுகளைக் கண்டறியும் கருவியை இணைப்பதற்கான இடம். பலர் பிரித்துக் காட்டிய இத்தகைய மலிவான கருவிகளுக்குள் இருந்தவை சில எல்இடி விளக்குகளும் ஒரு சிப்பும்தான். நன்றாக மின்னும், அவ்வளவே!

எரிபொருள் அளவையும் தீப்பொறி நேரத்தையும் தீர்மானிப்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் உள்ள மென்பொருள். அதை மாற்றி எழுதினால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ உள்ள எஞ்சினில் திறன் கூடும் என்பது உண்மை. டர்போ இல்லாத எஞ்சினில் கிடைப்பது சொற்பம். உள்ளே போகும் காற்று கூடாமல் திறன் எங்கிருந்து வரும்? மென்பொருளை இப்படி மாற்றினால் வாரண்டி மறுக்கப்படலாம், கிளட்சும் சீக்கிரம் தேயலாம்.

சந்தேகம் இருந்தால், எஞ்சினின் திறனை அளக்கும் டைனமோமீட்டரில் கருவியோடும் கருவி இல்லாமலும் அளந்து பாருங்கள். வாகனத்தில் மாற்றங்கள் செய்வது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. இச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.