1821-இல் மதுரைக்கு ரயில் விட்டவர்களிடம் கேட்கிறேன்

“லைட்டா, ஜாலியா எழுதின கதை மேடம். காதலைப் பாருங்க, வருஷத்தை ஏன் பாக்குறீங்க?” என்று சொல்லிவிட்டு, கதையை வெளியிட்ட இதழின் அலுவலகத்துத் தம்பி தொலைபேசியை வைத்துவிட்டார். அரை மணி நேரமாகியும் என் கை நடுக்கம் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் என்று அட்டையில் நட்சத்திரம் போட்டு, உள்ளே ‘மதுரை மண்ணில் மலர்ந்த சரித்திரக் காதல்’ என்று விளம்பரமும் செய்து விற்றவர்கள், வருஷத்தைப் பார்க்காதே என்று என்னிடம் சொல்கிறார்கள். பார்க்கக் கூடாத வருஷத்தை முதல் வரியிலேயே எதற்காக அச்சடித்தீர்கள்?

அந்த முதல் காட்சியை நான் ஐந்து முறை படித்துவிட்டேன். 1821, டிசம்பர் 24, இரவு. மதுரை ரயில் நிலையத்தின் மூன்றாம் நடைமேடையில் புகை கக்கியபடி வண்டி வந்து நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவைத் துறையைச் சேர்ந்த இளம் வெள்ளைக்கார அதிகாரி பெட்டியுடன் இறங்குகிறான். எதிரே, ஊர்க் கிறிஸ்தவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகள் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். அவள் கூந்தலில் பனித்துகள் பூப்பூவாக விழுகிறது. அவன் அதை விரலால் தட்டிவிடுகிறான். இருவரும் கண்ணோடு கண் நோக்குகிறார்கள்.

எந்த ரயில் ஐயா அது? மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல். மதுரையை விடுங்கள், இங்கிலாந்திலேயே ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே நீராவி இஞ்சின் பொதுமக்களுக்கான பாதையில் ஓடத் தொடங்கியது 1825-இல்தான். உலகத்தில் எந்தப் பொதுப் பாதையிலும் ஓடாத வண்டியிலிருந்து, ஊரில் இல்லாத நிலையத்தில், அதுவும் மூன்றாம் நடைமேடை என்று எண் போட்டு ஒருவனை இறக்கியிருக்கிறார்கள். அந்த எண்தான் என்னை அதிகமாகக் கோபப்படுத்துகிறது. நடைமேடை எண்ணை யோசித்து எழுத நேரம் இருந்திருக்கிறது. அந்த நடைமேடை என்றைக்குக் கட்டப்பட்டது என்று யாரையாவது கேட்க நேரம் இல்லாமல் போய்விட்டதா?

அடுத்தது பனி. டிசம்பர் நள்ளிரவில்கூட வெயிலின் சூடு சுவரை விட்டு முழுதாக இறங்காத ஊர் இது. 20 டிகிரிக்குக் கீழே போனாலே காதில் துண்டைக் கட்டிக்கொள்கிறோம். நமக்கு மார்கழிப் பனி என்று ஒன்று இருக்கிறது. அது கூந்தலில் பூவாக விழாது. விடியற்காலையில் கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகிய பூசணிப் பூவின் மேல் முத்து முத்தாக நிற்கும். கூரையின் வைக்கோல் நுனியில் திரண்டு சொட்டும். ஒரு காதல் கதைக்கு அந்தப் பூசணிப் பூ போதாதா? நம் வீட்டு வாசலில் கிடக்கும் அழகைத் தாண்டிப்போய், யாரோ ஊரில் கொட்டிக்கிடக்கும் பனியை வாரிக்கொண்டு வந்து இந்தப் பெண்ணின் தலையில் போட வேண்டுமா?

பிறகு வருகிற பிழைகளைச் சொல்லி மாளாது. நாயகனுக்கு லண்டனிலிருந்து அம்மா நவம்பரில் போட்ட வாழ்த்து அட்டை டிசம்பரில் கைக்கு வந்துவிடுகிறது. அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டை விற்பனைக்கு வந்ததே 1843-இல்தான். கலெக்டராக வருகிறவர் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுக். அவர் பிறந்தது 1841-இல், அவர் பார்த்த வேலையும் பொறியாளர் வேலை. காதலர்கள் வைகையின் குறுக்கே உள்ள ஏ.வி. பாலத்தின் மேல் நின்று பேசிக்கொள்கிறார்கள். பாலம் 1889-இல் வந்தது.

நான் குறை கண்டுபிடிப்பதற்காகப் படிக்கிறவள் அல்ல. மதுரை ஞானஒளிவுபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒவ்வொரு டிசம்பரிலும் குடிலுக்கு முளைப்பாரிபோல நெல்லும் கேழ்வரகும் விதைத்து, அவை விரலளவு வளர்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே, அதிரச மாவு புளிக்கும் இரவுகளில் லேசான ஒரு காதல் கதையை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவதுதான் என் பண்டிகை. அப்படிப்பட்ட கதைகளை எளிதில் எழுதிவிடலாம் என்று இவர்கள் நினைப்பதுதான் எனக்கு ஆறவில்லை. சிரிக்க வைக்கும் காதல் கதையில் காதலர்களுக்கு நடுவே ஏதாவது ஒன்று குறுக்கே நிற்க வேண்டும். அது அந்தக் காலத்திலிருந்தும் அந்த ஊரிலிருந்தும் வந்தால்தான் சிரிப்பும் வரும், மனமும் உருகும்.

1821-இன் மதுரையில் அதற்கா பஞ்சம்? அப்போது வைகையில் பாலம் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் டிசம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால், கோட்டைக்குள் இருக்கும் அவனும் கோரிப்பாளையத்துக் கரையில் இருக்கும் அவளும் கிறிஸ்துமஸ் இரவு முழுவதும் ஆளுக்கொரு கரையில் விளக்கை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கடிதமோ ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் வர நான்கைந்து மாதம் ஆகும். அம்மா அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து சித்திரை வெயிலில், அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் அவன் கையில் கிடைத்திருக்கும். இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவியர் சபை 1773-இல் கலைக்கப்பட்டு, அதன் குருக்கள் மீண்டும் மதுரை மிஷனுக்கு வந்தது 1837-இல். நடுவில் பூசை வைக்கச் சாமியார் கிடைப்பதே அரிது. அந்தப் பெண்ணின் அப்பா உபதேசியார் அல்லவா? அன்றிரவு ஜெபம் நடத்த ஊரே அவரை எதிர்பார்த்து நிற்க, மகளோ ஆற்றங்கரையில் விளக்குடன் நிற்க, அவர் படும் பாடு ஒன்றே பத்து அத்தியாயத்துக்குக் காணும். அந்த நாளில் கலெக்டர் ரவுஸ் பீட்டர். மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி, அதாவது குதிரை மேல் கால் வைக்கும் வளையம், செய்து கொடுத்தவர். அதே 1821-இல்தான் வார்டு என்னும் உண்மையான நில அளவை அதிகாரி வெள்ளகவி என்னும் மலைக்கிராமத்தின் வழியாக, கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் மேலே ஏறினார். கையில் இவ்வளவு இருக்கும்போது இல்லாத ரயிலைக் கடன் வாங்குவானேன் என்றுதான் அந்தத் தம்பியிடம் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் வைத்துவிட்டார்.

இதையெல்லாம் இரவு அத்தையிடம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் இதழை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த அறிவிப்பைச் சத்தமாகப் படித்தார். அடுத்த டிசம்பரில் இரண்டாம் பாகம் வருகிறதாம். 1822-இல், புதுமணத் தம்பதியர் கொடைக்கானல் ஏரியில் படகுச் சவாரி போகிறார்களாம். அந்த ஏரியைக் கலெக்டர் லெவிஞ்சு உண்டாக்கியது 1863-இல் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அத்தையும் சேர்ந்துகொண்டார். 41 வருஷம் அந்தப் பெண் தண்ணீர் இல்லாத இடத்தில் படகில் உட்கார்ந்திருக்கப் போகிறாள், பாவம்.