களியான உப்புமா

தம்பி: அக்கா, இட்லி உப்புமா கிண்டினேன். கரண்டியை நட்டா நிக்குது.

அக்கா: அதுக்குப் பேரு களிடா. திருவாதிரைக்கு இன்னும் நாள் கிடக்கே! இட்லியை எப்ப உதிர்த்த?

தம்பி: ராத்திரி மிஞ்சினது எட்டு. மைக்ரோவேவ்ல சூடு பண்ணி, ஆவி பறக்கப் பறக்க உதிர்த்தேன்.

அக்கா: சூட்டோட தொட்டா மாவாத்தான் போகும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட உதிர்க்கணும். கெட்டிப்பட்டிருக்கும், பொலபொலன்னு வரும். தண்ணி ஊத்தினியா?

தம்பி: அரை டம்ளர்.

அக்கா: அது ரவைக்குடா! இது வெந்தது. வறண்டிருந்தா கையால தெளிச்சாப் போதும். உப்பு?

தம்பி: ஒரு ஸ்பூன்...

அக்கா: மாவுலயே உப்பு போட்டாச்சே!

தம்பி: திட்டறதை அப்புறம் வச்சுக்க. ஒரு மணி நேரத்துல மாமியார் வர்றாங்க.

அக்கா: ரெண்டு உருளைக்கிழங்கு இருக்கா? உப்பில்லாம வேகவச்சு, ஆறவிட்டு மசி. கிழங்கு உப்பை உறிஞ்சும்னு சொல்வாங்க, அதெல்லாம் இல்ல. பங்கு போட்டுக்கும், அவ்வளவுதான்.

தம்பி: நேத்து சோறு இருக்கு. அதையும் சேர்க்கவா?

அக்கா: எங்க இருக்கு?

தம்பி: ராத்திரியிலருந்து மேடையில. மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு.

அக்கா: கொட்டு! திரும்பச் சூடு பண்ணினா கிருமி சாகும், அது கக்கின விஷம் போகாது. இனிமே சூடு தணிஞ்சதும் ஃப்ரிட்ஜ்ல வை. மூக்கை ரொம்ப நம்பாத.

தம்பி: சரி, களிக்கு வா.

அக்கா: களியில மசிச்ச கிழங்கோட பொடியா நறுக்கின வெங்காயம் ஒண்ணு, பச்சை மிளகாய் ரெண்டு, அரை ஸ்பூன் சீரகம், கறிவேப்பிலை. அப்புறம் அரிசி மாவு, முதல்ல நாலு ஸ்பூன். கையில ஒட்டாம உருட்ட வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாச் சேரு.

தம்பி: எண்ணெய்ச் சட்டி வைக்கறேன்.

அக்கா: வைக்காத, ஈரத்துக்குப் பிரிஞ்சு போகும். வடையாத் தட்டி தோசைக்கல்லுல போடு. மிதமான தீ, பக்கத்துக்கு நாலு நிமிஷம். ஓரம் சிவக்கறதுக்குள்ள திருப்பினா பாதி கல்லோட தங்கிடும். இறக்கினப்புறம் மேலே இட்லிப் பொடி தூவு. கல்லுல இருக்கறப்பத் தூவினா பொடி கருகிக் கசக்கும்.

தம்பி: ஐயோ, காலிங் பெல்! அத்தை அதுக்குள்ள வந்துட்டாங்க. கையில தூக்குச் சட்டி.

அக்கா: என்னவாம்?

தம்பி: இட்லி. இருபது இருக்கும். சுடச்சுட இருக்கு. ஃப்ரிட்ஜ்ல வச்சிடட்டுமா?

அக்கா: டேய், அதைச் சாப்பிடுடா!