2047-ஐ மறந்துவிட்டீர்கள்

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாபெரும் பகா எண்ணைப் பற்றிய உங்கள் கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் ஒரு வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தால், 2-இன் அந்த அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண்தான் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். 11 பகா எண். 2-இன் 11ஆம் அடுக்கு 2048. ஒன்றைக் கழித்தால் 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கினால் கிடைப்பது! மாணவர்கள் படிக்கும் பக்கத்தில் இந்தப் பிழை நிற்கக் கூடாது.

அப்படியானால் எதை நம்புவது? இப்படிக் கிடைக்கும் எண் பகா எண்தானா என்று சொல்லும் லூக்காஸ்–லேமர் சோதனையை. இவ்வளவு எளிய ஒன்று இவ்வளவு பெரிய எண்ணை அளக்கிறதே என்று இன்றும் வியக்கிறேன். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மறுபடியும் அதே வேலை. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்த பின் மீதி பூஜ்யமானால் அது பகா எண். 31-க்கு (2-இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைவு) நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள்: 4, 14, பிறகு 194, அதன் மீதி 8. 8-இன் வர்க்கத்தில் 2 போனால் 62, மீதி பூஜ்யம். மூன்றே தடவை.

உங்கள் கட்டுரையில் வந்த, லூக் டூரன்ட் கண்டறிந்த அந்த மாபெரும் எண்ணும் இதே வகைதான்: 2-இன் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதற்கு இதே கணக்கை 13,62,79,839 தடவை செய்ய வேண்டும், அதுவும் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட எண்ணால் வகுத்து வகுத்து.